பழைய நூலகத்தைக் குளிர வைக்கலாம்

மாணவர்களே, பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் எஸ்.பி.எம். பயிற்சி நூலைத் திறந்து உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்ட வீடுகளில், தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிவிடும். அந்த நேரத்தில் படிக்க ஓர் இடம் வேண்டும். நூலகம் இருக்கிறதே என்பீர்கள். நான் பார்த்த பல பழைய நூலகங்களின் கதை இதுதான்: வெயிலுக்குப் பயந்து சன்னல் திரைகளை இழுத்து மூடுவார்கள். இருட்டாகிவிட்டதென்று பட்டப்பகலில் எல்லா விளக்குகளையும் போடுவார்கள். விளக்கும் வெப்பம் தரும். அதையும் குளிர்சாதனமே வெளியேற்ற வேண்டும். மின்கட்டணம் ஏறியதும் குளிர்சாதனத்தை நிறுத்துவார்கள். பிறகு யார் வருவார்கள்?

இதற்காகக் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சிக் கழகத்தில் ஒரு பழைய பட்டறைக் கட்டடம் இருந்தது. அதையே மாற்றியமைத்து, வகுப்பறைகளும் அலுவலகங்களும் கொண்ட கட்டடமாக 2009-இல் திறந்தார்கள். ஓர் ஆண்டில் அது பயன்படுத்தும் மின்சாரத்தை அதன் கூரையில் உள்ள சூரியத் தகடுகளே ஈடுசெய்யும் வகையில் வடிவமைத்தார்கள். பழைய கட்டடத்தை இப்படி மாற்றியது தென்கிழக்காசியாவில் அதுவே முதல் முறை.

எனக்குப் பிடித்தது சூரியத் தகடு அல்ல, அங்குள்ள புகைபோக்கி போன்ற குழாய்கள்தாம். அவற்றில் புகை வராது. கூரைப் பக்கம் செல்லும் குழாயை வெயில் சூடாக்குகிறது. உள்ளே உள்ள காற்று சூடாகி, அடர்த்தி குறைந்து, மேலே ஏறி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப வகுப்பறையின் வெப்பக் காற்று குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. சன்னல் வழியே புதிய காற்று வருகிறது. பாடநூலில் 'பெரோலாக்கான்' என்று படித்தீர்களே, அதேதான். வெயில் கூடக் கூட இழுவையும் கூடும். வெயிலை வைத்தே வெப்பத்தை விரட்டுகிறார்கள்!

வெளிச்சத்துக்கு இன்னொரு வழி வைத்தார்கள். சன்னலின் மேற்பகுதியில் பளபளப்பான ஒரு தட்டு படுக்கையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அது வெளிச்சத்தை உட்கூரைக்குத் திருப்பி, அறையின் உள்பக்கம்வரை பரப்பும். கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் கண் கூசாது.

நம் புத்ராஜெயாவில் 2010-இல் திறக்கப்பட்ட எரிசக்தி ஆணையக் கட்டடத்தின் சுவர்கள் கீழ்நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும். மேல்மாடி கீழ்மாடிக்குக் குடை பிடிக்கும். பழைய சுவரைச் சாய்க்க முடியாதுதான். ஆனால் சன்னலுக்கு வெளியே நிழல் தட்டு வைக்கலாம். திரை உள்ளே இருந்தால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறது. வெளியே இருந்தால் வருமுன்பே தடுக்கும்.

அடுத்தது விசிறி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் திறக்கப்பட்ட எஸ்.டி.இ.4 என்ற கட்டடத்தில், குளிர்சாதனக் காற்றைச் சுமார் 27 பாகையில் விட்டு, கூரை விசிறிகளையும் சுழல விடுகிறார்கள். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் தோலின் வியர்வையை வேகமாக ஆவியாக்குகிறது. அதனால் 27 பாகையும் இதமாக இருக்கிறது. (ஆளில்லாத அறையில் விசிறியைச் சுழல விடாதீர்கள். அது வீண்.) கூரை விசிறிக்குச் சுமார் 75 வாட் போதும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் சுமார் 800 வாட் இழுக்கும். நம் அரசு அலுவலகங்களில் 24 பாகைக்குக் கீழே வைக்கக் கூடாது என்ற உத்தரவு 2011-இலேயே வந்துவிட்டது. இன்னும் 18-இல் வைத்து, குளிருக்குச் சட்டைமேல் சட்டை போடுகிறவர்களைப் பார்க்கிறேன்.

உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். ஆய்வுக்கூடத்தில் இரண்டு வெப்பமானிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மேற்குச் சன்னலருகே, வெயில் நேரே படாத இடத்திலும், மற்றொன்றை அறை நடுவிலும் வையுங்கள். ஒரு வாரம், மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். திரையைத் திறந்து, சன்னலோர விளக்குகளை அணைத்தால் படிக்க முடிகிறதா என்றும் எழுதுங்கள். அந்தத் தாளை நூலக ஆசிரியரிடம் கொடுங்கள். எந்தச் சன்னலுக்கு முதலில் நிழல் வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.