இத்தனை தெய்வங்கள் எதற்காக?

இந்து சமயத்தில் தெய்வங்கள் ஏன் இத்தனை என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. இது பல கடவுளரை வணங்கும் சமயம் என்பது வெளியிலிருந்து பார்ப்போர் பலர் சொல்லும் விடை. எல்லாம் ஒரே கடவுளின் வடிவங்களே, பன்மை வெறும் தோற்றம் என்பது உள்ளே இருப்போர் பலர் சொல்லும் விடை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முதல் விடை, வேத காலம் தொட்டே இச்சமயம் ஒருமையைத் தேடி வந்திருப்பதைக் காணத் தவறுகிறது. இரண்டாம் விடையோ, அந்த ஒருமை எத்தகையது என்பதில் இச்சமயத்தின் ஞானிகளே தமக்குள் கடுமையாக வாதிட்டிருப்பதையும், ஊர்தோறும் வீற்றிருக்கும் தெய்வங்கள் தத்தமக்கென நிலமும் குடியும் வரலாறும் உடையவை என்பதையும் கடந்து போய்விடுகிறது. பன்மையை அழிக்காமல், உறவு சொல்லியும் வடிவக் கொள்கை வகுத்தும் ஒருமையைக் கண்டதே இச்சமயத்தின் தனி வழி என்பதை அதன் நூல்களும் கோயில்களும் விழாக்களும் சேர்ந்து காட்டுகின்றன.

தரங்கம்பாடியில் எழுதப்பட்ட வம்சாவளி

டென்மார்க் அரசரின் ஆதரவில் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லுத்தரன் போதகர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ் கற்று, சுவடிகளைத் திரட்டி, தமிழரோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று பொருள்படும் நூலை 1713-இல் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். மதம் மாற்றும் நோக்கோடு வந்தவர் எழுதியதாயினும், தமிழர் தம் தெய்வங்களை எவ்வாறு வரிசைப்படுத்திக் கொண்டிருந்தனர் என்பதை அந்நூலின் அமைப்பே தெளிவாக்குகிறது. உருவமும் ஒப்பும் இல்லாத பரம்பொருளாகிய பராபரவஸ்து முதற்பகுதியிலும், மும்மூர்த்திகளும் அவர்தம் குடும்பத்தாரும் இரண்டாம் பகுதியிலும், கிராம தேவதைகள் மூன்றாம் பகுதியிலும், விண்ணுலகத் தேவர்கள் இறுதியிலும் இடம்பெற்றுள்ளனர். ஐரோப்பாவில் இருந்த அவருடைய மேலவர்கள் அதை அச்சிட விரும்பாததால், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1867-இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

பரம்பொருளை முதலில் வைத்து, மற்றத் தெய்வங்களைக் குடும்ப உறவுகளாக விரித்துக்கொண்டு போன அந்தப் பகுப்பில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. தெய்வங்கள் எல்லாம் ஒரே படிநிலையில் இல்லை என்பது ஒன்று. அவை தனித்தனியாக நிற்கவில்லை, உறவால் பிணைந்து நிற்கின்றன என்பது மற்றொன்று.

யாக்ஞவல்கியர் எண்ணிய எண்கள்

படிநிலை பற்றிய சிந்தனை மிகப் பழையது. இந்திரன், மித்திரன், வருணன், அக்கினி ஆகிய பெயர்கள் ஒரே மெய்ப்பொருளைச் சுட்டுவன என்ற கருத்து ரிக்வேதத்தின் முதல் மண்டலத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அக்கருத்தை விவாதமாக வளர்த்தெடுத்தது பிருகதாரண்யக உபநிடதம். விதேக நாட்டு அரசர் ஜனகரின் அவையில், சாகல்யர் என்ற அறிஞர், தேவர்கள் எத்தனை பேர் என்று யாக்ஞவல்கியரிடம் கேட்கிறார். வேத மந்திரம் ஒன்றை ஆதாரமாகக் காட்டி 3,306 என்கிறார் யாக்ஞவல்கியர். சரி, உண்மையில் எத்தனை பேர் என்று கேள்வி மீண்டும் மீண்டும் வர, விடை 33 ஆகிறது. பிறகு ஆறு, மூன்று, இரண்டு, ஒன்றரை என்று குறைந்து, இறுதியில் ஒன்றில் வந்து நிற்கிறது.

ஒவ்வோர் எண்ணுக்கும் அங்கு விளக்கம் தரப்படுகிறது. நெருப்பு, நிலம், காற்று, இடைவெளி, கதிரவன், வானம், திங்கள், விண்மீன்கள் ஆகிய எட்டும் வசுக்கள். மனிதனிடத்துள்ள பத்து உயிர்ப்புகளும் ஆன்மாவும் சேர்ந்து பதினொரு ருத்திரர். ஆண்டின் பன்னிரண்டு மாதங்களே பன்னிரண்டு ஆதித்தியர். இவர்களோடு இந்திரனும் பிரஜாபதியும் சேர 33 ஆகிறது. இரண்டு என்பது உணவும் உயிர்ப்பும். ஒன்றரை என்பது வீசும் காற்று. ஒன்று என்பது பிராணன், அதுவே பிரம்மம். ஒன்று என்ற விடை வந்தபின் முந்தைய விடைகள் பொய் என்று தள்ளப்படவில்லை என்பதே இவ்விவாதத்தின் சிறப்பு. 3,306 என்பது அந்த 33 பேருடைய மகிமைகளின் விரிவு என்றே யாக்ஞவல்கியர் கூறுகிறார். எண்ணுகிறவன் எந்தப் படியில் நின்று எண்ணுகிறான் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. எல்லா எண்களும் தத்தம் படியில் மெய்யாகவே நிற்கின்றன.

புராணங்கள் இதே சிந்தனையை வேறு வகையில் தொடர்ந்தன. பிரம்மனின் ஒரு பகலாகிய கல்பத்தில் பதினான்கு மனுக்களின் காலங்கள் வருகின்றன என்றும், மன்வந்தரம் எனப்படும் அக்காலம் ஒவ்வொன்றிலும் இந்திரன் மாறுகிறான் என்றும் அவை கூறுகின்றன. இப்போது நடக்கும் ஏழாம் மன்வந்தரத்தின் இந்திரன் புரந்தரன். அடுத்ததில் அப்பதவிக்கு வரவிருப்பவன் மகாபலி. இந்திரன் என்பது புண்ணியத்தால் கிட்டி, காலம் முடிந்ததும் கைவிட்டுப் போகும் பதவி என்றால், அப்பதவியில் இருப்பவனும் பிறப்பு இறப்புக்கு உட்பட்ட உயிரே ஆகிறான். முப்பத்து முக்கோடி தேவர்கள் என்று மக்கள் வழக்கில் சொல்லப்படும் கூட்டமும், அவர்களுக்கும் மேலான இறைவனும் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதை இக்கொள்கை உணர்த்துகிறது.

நிலத்திலிருந்து எழுந்த தெய்வங்கள்

தத்துவம் மேலிருந்து கீழ்நோக்கிப் பன்மையை விளக்கியது என்றால், வரலாறு கீழிருந்து பன்மையை வளர்த்தது. முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று தொல்காப்பியம் நிலத்துக்கொரு தெய்வத்தை வகுக்கிறது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் நடுகல் வழிபாட்டின் நிலைகளையும் அந்நூல் வரிசையாகச் சொல்கிறது. ஊர் காக்கப் போரிட்டு மாண்டவர்களும், அநீதியாகக் கொல்லப்பட்டவர்களும் தெய்வமாவது தமிழகத்தில் அதன்பின்னும் ஓயவில்லை. காவல் தெய்வங்கள் பலவற்றுக்குப் பின்னே மனிதர் ஒருவரின் வாழ்வும் சாவும் நிற்கின்றன.

இவ்வாறு வெவ்வேறு நிலத்திலும் குலத்திலும் பிறந்த தெய்வங்கள் ஒன்றையொன்று சந்தித்தபோது அவற்றை இணைத்தது உறவே. இதற்கு முருகன் மிகச் சிறந்த சான்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட குஷாண அரசன் ஹுவிஷ்கனின் காசுகளில் ஸ்கந்தகுமாரன், விசாகன், மகாசேனன் ஆகியோர் தனித்தனி உருவங்களாகப் பொறிக்கப்பட்டுள்ளனர். பிற்காலத்தில் இப்பெயர்கள் எல்லாம் ஒரே கடவுளின் பெயர்களாயின. தெற்கே வேலன் வெறியாடி வணங்கிய குறிஞ்சிச் சேயோனும் அவனே என்று ஆனபோது, அவன் சிவன் மகனாகவும், இந்திரன் மகளான தெய்வயானைக்கும் வேடர் குலத்து வள்ளிக்கும் கணவனாகவும் நின்றான். இரண்டு மரபுகள் சேர்ந்தபோது எதுவும் தன் பெயரை இழக்கவில்லை. வள்ளி தினைப்புனத்தை விட்டுக்கொடுக்காமலேயே பெருங்கோயிலின் கருவறைக்கு வந்தாள். இலங்கையின் கதிர்காமத்தில் வள்ளி வேடர் குலப்பெண்ணாகவே இன்றும் போற்றப்படுகிறாள்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் இந்த உறவுமுறை ஊரறிய நிகழ்த்தப்படுகிறது. பாண்டியன் மகளாகப் பிறந்து நாடாண்ட மீனாட்சி சிவனை மணக்கும் திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகின்றனர். தமையன் முறையில் தாரைவார்த்துக் கொடுப்பவர் பெருமாள். அழகர்மலையிலிருந்து கள்ளர் வேடத்தில் புறப்படும் அழகர், தங்கையின் திருமணத்துக்குப் பிந்தி வந்து சேர்ந்தார் என்று மக்கள் கதை சொல்ல, மண்டூக முனிவரின் சாபம் தீர்க்கவே வைகைக்கு வந்தார் என்று புராணம் சொல்கிறது. அந்த அழகர் புறப்படுவதற்குமுன் விடைபெறுவது பதினெட்டாம்படிக் கருப்பரிடம். கருப்பருக்கு அங்கே சிலை கிடையாது. அடைத்த கோபுரவாசலின் பெரிய கதவுகளே சந்தனம் பூசி, மாலை சாத்தி வணங்கப்படுகின்றன. சைவம், வைணவம், கிராம தெய்வ வழிபாடு என்று நூல்கள் மூன்றாகப் பிரிப்பவை இவ்விழாவில் மாமன், மைத்துனன், காவல்காரன் என்ற முறையில் ஒரே வீட்டுக்காரர்களாகின்றன.

தத்துவ அறிஞர்கள் தந்த விடைகள்

மக்கள் உறவாகக் கண்டதைத் தத்துவ அறிஞர்கள் வடிவக் கொள்கையாக வகுத்தனர். ஆனால் அவர்கள் ஒரே விடையைத் தரவில்லை. குணமும் வடிவமும் அற்ற பிரம்மம் ஒன்றே மெய், வழிபடுவோர் பொருட்டு அதுவே குணமும் வடிவமும் உடையதாகக் கருதப்படுகிறது என்பது சங்கரரின் அத்வைதம். அம்மரபைப் பின்பற்றும் ஸ்மார்த்தர் இல்லங்களில் நடக்கும் பஞ்சாயதன பூஜையில் இக்கொள்கை கண்முன் நிற்கிறது. சிவனுக்கு நர்மதையின் பாணலிங்கம், திருமாலுக்குக் கண்டகியின் சாளக்கிராமம், விநாயகருக்குச் சோணை ஆற்றின் செந்நிறக் கல், அம்பிகைக்குச் சுவர்ணமுகியின் கல், சூரியனுக்குப் படிகம் என ஐந்தும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. கண், மூக்கு, கை, கால் எதுவும் செதுக்கப்படாத அந்த ஐந்தில் எதை நடுவில் வைப்பது என்பதை வழிபடுவோரின் விருப்பத் தெய்வமே முடிவு செய்கிறது. நடு மாறினாலும் மற்ற நான்கும் தட்டைவிட்டு நீங்குவதில்லை.

இராமானுசரின் விசிட்டாத்வைதமோ வடிவத்தைத் தோற்றமாகக் கருதவில்லை. எல்லா உயிர்களும் உலகும் திருமாலின் உடல். தேவர்களுக்கும் உள்ளுயிராக இருப்பவர் அவரே. பரமபதத்தில் இருக்கும் பரம், படைத்தல் முதலியவற்றுக்கான வியூகம், அவதாரமாகிய விபவம், உள்ளத்தில் உறையும் அந்தர்யாமி, கோயில் திருமேனியாகிய அர்ச்சை என ஐந்து நிலைகளில் அவர் விளங்குகிறார் என்றும், அவற்றுள் அடியாருக்கு மிக எளிதாகக் கிட்டுவது அர்ச்சையே என்றும் வைணவ ஆசாரியர்கள் போற்றினர். மத்துவரின் துவைதம் திருமாலே முழுமுதல் என்று கொண்டு, மற்றத் தேவர்களுக்குத் தாரதம்யம் எனப்படும் உயர்வு தாழ்வு வரிசையை வகுத்தது. அங்கே தெய்வங்கள் பல என்பதும், ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வேறானவை என்பதும் மறுக்கப்படவில்லை.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தைத் தலைநூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், இறைவன் அருவம், அருவுருவம், உருவம் ஆகிய மூன்று நிலைகளிலும் உயிர்களுக்காக இறங்கி வருகிறான் என்கிறது. இம்மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருப்பது சிதம்பரத்தில். ஆடவல்லானின் திருமேனி உருவம். ஆறு காலமும் திருமுழுக்காட்டப்பெறும் படிகலிங்கம் அருவுருவம். திரையை விலக்கினால் வெற்றிடத்தின்மேல் தொங்கும் பொன் வில்வ மாலையால் மட்டுமே உணர்த்தப்படும் ரகசியம் அருவம். சில அடி தூரத்துக்குள் கண்ணால் காணும் கடவுளும், காண ஒன்றுமே இல்லாத கடவுளும் வணங்கப்படுகின்றனர். வடிவத்தில் மனம் நிற்பவரும் வடிவத்தைக் கடக்க முயல்பவரும் அங்கே ஒரே சந்நிதியில்தான் கைகூப்புகின்றனர்.

உறவும் அதன் எல்லையும்

இந்த இணைப்பு எளிதில் வாய்த்துவிடவில்லை. சிவனா திருமாலா என்ற பூசல் நூற்றாண்டுகள் நீண்டது. சிதம்பரத்தில் திருமாலாகிய கோவிந்தராசரின் சந்நிதியே நீக்கப்பட்டு, விஜயநகரப் பேரரசின் காலத்தில் மீண்டும் நிறுவப்பட்டது. அப்பூசலுக்கு மக்கள் கண்ட தீர்வு சங்கரன்கோவிலில் இருக்கிறது. சிவனே பெரியவர் என்ற சங்கனும் திருமாலே பெரியவர் என்ற பதுமனும் வாதிட, அவ்விரு நாகர்களின் பொருட்டு அம்பிகை தவமிருந்து சிவனையும் திருமாலையும் ஒரே வடிவில் காட்டினாள் என்பது தலபுராணம். ஆடித் தபசு விழாவும் அதன் பொருட்டே. வலப்பாகம் சிவனும் இடப்பாகம் திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணர் சந்நிதியில் திருநீறும் துளசித் தீர்த்தமும் சேர்ந்தே வழங்கப்படுகின்றன. வாதம் செய்த இருவரில் ஒருவரையும் தோற்கடிக்காத தீர்ப்பு அது.

ஆயினும் தெய்வங்களுக்குள் கண்ட இந்த உறவு, அவற்றை வணங்கிய மனிதர்களுக்குள் வரவில்லை என்ற உண்மையை மறைக்க முடியாது. வேடர் மகளை மருமகளாகவும் கருப்பரைக் காவலராகவும் ஏற்றுக்கொண்ட பெருங்கோயில்கள், அத்தெய்வங்களைக் குலதெய்வமாகக் கொண்ட மக்கள் பலரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தன. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசத்துக்குப் பின்னரே சட்டமும் அதற்குத் துணைநின்றது.

தெய்வங்களின் பன்மை இச்சமயத்துக்குக் குறையன்று. அதுவே அதன் செல்வம். குலதெய்வம் முன்னோரோடும், ஊர்த்தெய்வம் மண்ணோடும், விருப்பத் தெய்வம் தன் உள்ளத்தோடும் மனிதனைப் பிணைக்கின்றன. இவற்றுள் ஒன்று செய்வதை மற்றொன்று செய்ய முடியாது. எல்லாம் ஒன்றே என்ற உயர்ந்த கொள்கையைக் காரணம் காட்டி, சிறுதெய்வம் என்று பெயரிட்டு ஊர்த்தெய்வங்களின் படையலையும் பூசாரியையும் கதையையும் மாற்றி, அவற்றைப் பெருந்தெய்வத்தின் சாயலில் திருத்தும் முயற்சிகள் அந்தக் கொள்கையைப் புரிந்துகொள்ளாதவை. ஒருமையைக் கண்ட ஞானிகள் யாருடைய தெய்வத்தையும் பறித்துக்கொண்டு அதைக் காட்டவில்லை. தெய்வங்கள் அனைத்தும் உறவினர் என்று நம்புவோர்க்கு, அவற்றை வணங்கும் மனிதர் அனைவரும் உறவினர் என்று ஒப்புக்கொள்ளும் கடமையும் உண்டு. அக்கடமை நிறைவேறும் அளவுக்கே ஒன்று என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கும்.