24 மில்லிமீட்டர் இடைவெளி

1987 மார்ச்சில் கேனான் தன் முதல் இஓஎஸ் கேமராவை வெளியிட்டபோது, அதுவரை அந்நிறுவனத்தின் எஃப்டி லென்ஸ்களில் பணத்தைப் போட்டிருந்த புகைப்படக்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 1971 முதல் விற்றுவந்த அந்த லென்ஸ்களில் ஒன்றுகூடப் புதிய கேமராவில் மாட்டாது. ஆட்டோஃபோகஸுக்காக லென்ஸுக்குள்ளேயே மோட்டாரை வைத்து, கேமராவும் லென்ஸும் மின்தொடர்பு வழியாக மட்டுமே பேசிக்கொள்ளும் புது மவுண்ட்டுக்கு கேனான் மாறிவிட்டிருந்தது. தொழில்நுட்பரீதியில் அது சரியான முடிவு. ஆனால் அதற்குப் பலியானவை சாதாரண லென்ஸ்கள் அல்ல. 300, 400, 500 மி.மீ. என்று அந்தக் காலத்தின் மிகச் சிறந்த டெலிபோட்டோக்கள் பலவும் அந்த வரிசையில் இருந்தன.

நடுவில் ஒரு அடாப்டரைப் போட்டு மாட்டிக்கொள்ள முடியாதா என்றால், முடியாது. 2 மில்லிமீட்டர் குறுக்கே நின்றது. எஃப்டி லென்ஸின் மவுண்ட் ஃபிலிமிலிருந்து 42 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இஓஎஸ் கேமராவிலோ அந்தத் தூரம் 44 மி.மீ. மாட்டும்போதே லென்ஸ் 2 மி.மீ. முன்னால் போய்விடுகிறது, அடாப்டரின் கனம் அதற்கு மேல். அப்படி மாட்டினால் பக்கத்தில் இருப்பது தெளியும், தொலைவில் இருப்பது எதுவும் தெளியாது. தொலைவுக்காகவே பிறந்த லென்ஸுக்கு இதைவிடப் பெரிய ஊனம் இல்லை. அடாப்டர் குழாய்க்குள் ஒரு திருத்தக் கண்ணாடி வைத்தால் தொலைவு திரும்பக் கிடைக்கும், ஆனால் படத்தின் தரம் அடிபடும். எனவே எஃப்டி லென்ஸ்கள் பீரோக்களுக்குள் போயின. விலை சரிந்தது.

2008-ல் பானசோனிக்கின் ஜி1 வந்தது. மாற்று லென்ஸ் கேமராவுக்குள் இருந்த பிரதிபலிப்புக் கண்ணாடியை அது எடுத்தே விட்டது. லென்ஸ் அவ்வளவு தள்ளி நிற்க வேண்டியிருந்ததே அந்தக் கண்ணாடி எழுந்து இறங்க இடம் விடத்தான். கண்ணாடி போனதும் தூரமும் சுருங்கியது. இன்றைக்கு சோனி இ மவுண்ட்டில் அது 18 மி.மீ., கேனான் ஆர்எஃப்-இல் 20, நிக்கான் இசட்-இல் 16. எஃப்டி லென்ஸின் 42-இலிருந்து சோனியின் 18-ஐக் கழித்தால் மிச்சம் 24. அந்த 24 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்று உலோகக் குழாய் போதும். உள்ளே கண்ணாடி வேண்டாம், மின்சுற்றும் வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த வழி அதோடு திறந்தது. நிக்கான் எஃப், எம்42, பென்டாக்ஸ் கே, மினோல்டா, ஒலிம்பஸ் ஓஎம் என எல்லாப் பழைய மவுண்ட்டுகளுக்கும் இதே கணக்குதான்.

பழைய லென்ஸ் மோகத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது 50 மி.மீ. எஃப்1.4. என் கருத்தில் டிஜிட்டல் சென்சாரோடு மிக நன்றாக ஒத்துப்போகும் பழைய கண்ணாடி டெலிபோட்டோதான். டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் ஃபிலிமில் இல்லாத ஒரு கண்ணாடி அடுக்கு உண்டு. பழைய அகலக்கோண லென்ஸிலிருந்து ஒளி படத்தின் ஓரங்களுக்குச் சாய்வாக வரும். அந்த அடுக்கைச் சாய்ந்து கடக்கும்போது கதிர்கள் தடம் மாறி ஓரங்கள் குழம்பிவிடும். டெலிபோட்டோவின் கதிர்கள் கிட்டத்தட்ட நேராகவே வந்து விழுகின்றன. எஃப்4, எஃப்5.6 போன்ற மிதமான திறப்பில் அந்த அடுக்கால் அவற்றுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அடாப்டரின் கனம் இம்மி கூடக்குறைய இருந்தாலும் அகலக்கோண லென்ஸ் அளவுக்கு டெலிபோட்டோ திணறாது.

அடுத்தது பணம். பறவைப் படக்காரர்கள் ஏங்கும் 600 மி.மீ. எஃப்4 புது லென்ஸின் விலை இந்தியாவில் பத்து லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் வேடந்தாங்கலில் நாரையை நெருக்கமாக எடுக்க ஆசைப்பட்டால், பழைய 300 மி.மீ. லென்ஸ் அந்த ஆசையைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவருகிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் அது 600 மி.மீ.-க்கு இணையான கோணம் தரும். ஏபிஎஸ்-சி சென்சாரில் 450.

எந்த 300 மி.மீ. என்பதில்தான் கவனம் வேண்டும். பள்ளி இயற்பியலில் படித்த நிறப்பிறழ்ச்சி டெலிபோட்டோவின் முதல் எதிரி. நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் குவியாத அந்தக் குறை குவியத்தொலைவோடு சேர்ந்து வளரும். 50 மி.மீ.-இல் கண்ணுக்கே படாதது, 300-இல் வெள்ளைக் கொக்கின் முதுகைச் சுற்றி ஊதாக் கோடாக நிற்கும். இதற்கு மருந்து ஃப்ளோரைட். இயற்கையில் அதன் படிகம் லென்ஸ் செய்யும் அளவுக்குப் பெரிதாகவும் தூய்மையாகவும் கிடைப்பது அரிது. கேனான் அதை உலையில் வளர்த்து, 1969-இல் எஃப்எல்-எஃப் 300 மி.மீ. எஃப்5.6 லென்ஸில் வைத்தது. நிக்கான் தன் பங்குக்கு இடி என்ற குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடியைச் செய்தது. லைக்காவின் கனடா ஆலையில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவான வடிவமைப்பு, 1975-இல் ஆப்போ-டெலிட் 180 மி.மீ. எஃப்3.4 ஆக வெளியே விற்பனைக்கு வந்தது. ஆகவே பழைய டெலிபோட்டோ வாங்குமுன் முன்வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். கேனானில் எல் என்ற எழுத்தும் சிவப்பு வளையமும், நிக்கானில் இடி-யும் தங்க வளையமும், டாம்ரானில் எல்டி, வேறு சிலவற்றில் ஆப்போ. ஒரே குவியத்தொலைவில் இந்த எழுத்து உள்ளதற்கும் இல்லாததற்கும் விலையில் இருக்கும் வித்தியாசம் நியாயமானது. 135, 200 மி.மீ. வரை எழுத்து இல்லாமலும் சமாளிக்கலாம். ஒரு படி திறப்பைக் குறைத்தால் நிற ஓரம் ஓரளவு அடங்கும். 300-ஐத் தொட்டுவிட்டால் அந்த எழுத்துக்காகக் கூடுதலாகச் செலவிடுவேன்.

நியூ எஃப்டி 300 மி.மீ. எஃப்4 எல் லென்ஸை எடுத்துக்கொள்வோம். எடை ஒரு கிலோ அளவு. முன்னால் இழுத்தால் நீளும் வெயில்மறைப்பு, நடுவில் முக்காலி வளையம். அடாப்டரில் ஓபன், லாக் என்று இரண்டு குறிகள் கொண்ட இன்னொரு வளையம் இருக்கும். லென்ஸைத் திருகிப் பூட்டிவிட்டு அந்த வளையத்தைத் திருப்பினால், லென்ஸின் பின்புறம் இருக்கும் சிறு லிவர் தள்ளப்படும். அதன்பிறகே திறப்பு இதழ்கள் நீங்கள் வைத்த எண்ணுக்கு மூடும். திருப்பாவிட்டால் எஃப்8-இல் வைத்தாலும் இதழ்கள் அசையாமல் எஃப்4-இலேயே நிற்கும். ‘அடாப்டர் வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இப்படிப்பட்டவையும் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்து கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும். கேமராவின் கணக்கில் முன்னால் எதுவுமே மாட்டியிருக்கவில்லை. சென்சார் நடுக்கத்தைத் தாங்கும் வசதி உள்ள கேமராவானால் 300 என்று குவியத்தொலைவைக் கையால் எழுதுங்கள். முன்பு வைத்த 50 அப்படியே கிடந்தால் உங்கள் கை நடுக்கத்தை அது அரைகுறையாகவே ஈடுகட்டும்.

ஃபோகஸ் நம் விரலில். ஃபிலிம் கேமராவில் திறப்பை மூடினால் வியூஃபைண்டர் இருண்டுவிடும். மின் வியூஃபைண்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிறது. வேண்டிய இடத்தைப் பல மடங்கு பெருக்கியும் காட்டும். அந்தப் பெருக்கத்தில் கொக்கின் கண் திரையை நிறைத்து நிற்க, ஃபோகஸ் வளையம் விரல் நுனியில் மெல்ல நகர, கருவிழி சட்டென்று தெளியும் கணம் இருக்கிறதே, அதை ஆட்டோஃபோகஸ் எனக்குத் தந்ததில்லை. தெளிந்த விளிம்புகளைச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பூசிக் காட்டும் பீக்கிங் வசதியை நான் டெலிபோட்டோவில் நம்புவதில்லை. உண்மையில் தெளிவாக இருப்பதைவிட அகலமான பட்டையை அது தெளிவு என்று காட்டிவிடும். 300 மி.மீ. எஃப்4-இல் பத்து மீட்டர் தொலைவிலுள்ள பறவைக்கு, முழு ஃபிரேம் சென்சாரில் தெளிவாகக் கிடைக்கும் ஆழமே சுமார் ஒரு சாண்தான்.

ஆகவே எந்தப் பறவையை எடுப்பது என்பதையும் லென்ஸ்தான் தீர்மானிக்கும். மடையான் வரப்போரத்தில் அசையாமல் நிற்கும். அது நல்ல ஆசிரியர். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பும். கம்பியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம். பறக்கும் கழுகு, நீரில் பாயும் ஆலா இவை புதிய கேமராவும் அதன் பறவைக்கண் ஆட்டோஃபோகஸும் ஆளும் களம். அங்கே பழைய லென்ஸை வைத்துப் போட்டியிடுவது வீண்.

லென்ஸையே முன்னும் பின்னும் நகர்த்தி ஆட்டோஃபோகஸ் தரும் மோட்டார் அடாப்டர்கள் வந்திருக்கின்றன. இவ்வகையில் டெக்ஆர்ட் செய்த முதல் அடாப்டர் அதிகபட்சம் 4.5 மி.மீ. நகரும். 50 மி.மீ. லென்ஸுக்கு இது தாராளம். முடிவிலியிலிருந்து சுமார் 60 செ.மீ. வரை தானாகவே ஃபோகஸ் ஆகும். 300 மி.மீ.-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிவிலியில் தொடங்கினால் சுமார் 20 மீட்டர் வரைக்கும்தான் அந்த 4.5 மி.மீ. எட்டும். எடையைத் தூக்கும் சிரமம் வேறு. டெலிபோட்டோவுக்கு இது பணத்துக்கு ஏற்ற பொருள் அல்ல.

ஒரு நிறுவனத்தின் கேமராவில் இன்னொன்றின் லென்ஸ் என்பது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பும் அல்ல. டாம்ரானின் டி மவுண்ட் 1957-இலேயே வந்தது: ஒரே லென்ஸ், பின்னால் கேமராவுக்கேற்ற வளையம். அதன் அடாப்டால்-2 வரிசை 1979-இல் வந்தது. நம் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் பெரும் பெயர்களில் ஒருவர். கேமரா உடல் ஒரு நிறுவனத்துடையது, டெலி லென்ஸ் வேறொன்றுடையது என்று தானே இணைத்துச் செய்த கருவியைத் தூக்கிக்கொண்டு காடுகளுக்குள் போனார். ‘சூப்பர் பொண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்ப்பவருக்கு, ஆட்டோஃபோகஸ் இல்லாததால் எதுவும் குறைந்ததாகத் தோன்றாது.

அடாப்டர் வாங்கும்போது உட்புறத்தைப் பாருங்கள். உள்சுவர் பளபளத்தால் அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி படத்தின் மேல் வெள்ளைத் திரையாகப் படியும். பலர் லென்ஸ் மங்கல் என்று நினைப்பது இதைத்தான். கறுப்பு வெல்வெட் துணியோ தாளோ ஒட்டினால் போதும், கறுப்பு கறுப்பாகத் திரும்பும். விலை குறைந்த அடாப்டர்கள் சற்று மெலிதாகவே செய்யப்படுகின்றன. முடிவிலி தவறாமல் கிடைக்க அது பாதுகாப்பு. அதனால் ஃபோகஸ் வளையம் முட்டி நிற்கும் இடம் முடிவிலியைத் தாண்டிப்போய் இருக்கும். இடி, ஃப்ளோரைட் லென்ஸ்களில் வெப்பத்தால் நேரும் மாற்றத்துக்காக அந்த இடத்தைத் தாண்ட விட்டே வடிவமைத்திருப்பார்கள். நிலாவை எடுக்க வளையத்தைக் கடைசி வரை திருகி வைப்பது பயன்படாது. 300 மி.மீ. லென்ஸில் நிலா சென்சார் மேல் 3 மி.மீ.-க்கும் குறைவான வட்டமாகத்தான் விழுகிறது. அதன் பள்ளங்களைப் பெருக்கிப் பார்த்தே ஃபோகஸ் வைக்க வேண்டும். எடையைப் பொறுத்தவரை, கேமராவை முக்காலியில் பூட்டி லென்ஸைத் தொங்கவிடாதீர்கள். லென்ஸிலேயே கால் இருக்க வேண்டும், இல்லையேல் கால் உள்ள அடாப்டரையாவது பார்த்து வாங்குங்கள்.

பழைய லென்ஸை வாங்க நேரில் போனால் கையில் ஒரு டார்ச் போதும். பின்புறத்திலிருந்து சாய்த்து அடித்து, முன்புறம் பாருங்கள். மரவேர் போலக் கிளைவிடும் மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி என்று கடலோரத்தில் வளர்ந்த லென்ஸ்களில் இது சகஜம். தூசி நாலைந்து இருந்தால் கவலையில்லை, மொத்தமாகப் புகை படிந்திருந்தால் வேண்டாம். திறப்பு இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, ஃபோகஸ் வளையம் முழுச் சுற்றும் ஒரே சீராக நகர்கிறதா என்றும் பாருங்கள். நம் வெயிலில் கிரீஸ் உருகி இதழ்களுக்கு ஒழுகுவது உண்டு. வாங்கிய பின் அதனோடு வந்த தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

முதல் டெலிபோட்டோவாக 200 மி.மீ. எஃப்4 ஒன்றைச் சொல்வேன். மினோல்டா, ஒலிம்பஸ், பென்டாக்ஸின் டகுமார் எதுவானாலும் சரி. கையில் அடங்கும், கழுத்தை அறுக்காது, ஃபோகஸ் பழக ஏற்றது. கேனான் எஃப்டி-க்குக் கைவிடப்பட்ட மவுண்ட் என்பதால் விலை இறங்கியது. 1959 முதல் தொடர்ந்த மவுண்ட்டில் வந்த நிக்கானின் நிக்கார் லென்ஸ்களுக்கு மவுசு குறையவே இல்லை. விரல் பழகிய பிறகு, எழுத்துள்ள 300.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணியைத் தாண்டினால் ஏரிக்கு மேல் காற்று சூடாகி அலையத் தொடங்கும். நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவை, பத்து லட்ச ரூபாய் லென்ஸிலும் நெளிந்துதான் விழும். எஃப்8-இலும் தெளிவில்லை, ஷட்டர் வேகம் கூட்டியும் தெளிவில்லை என்றால், லென்ஸை விற்பதற்கு முன் மறுநாள் காலை ஆறரை மணிக்கு அதே மரத்தை எடுத்துப் பாருங்கள்.