வீட்டிலேயே ஒரு கிளவுட்: இலகுதான், ஆனால் பொறுப்பு நம்முடையது

எம்மில் பலரின் குடும்பப் படங்கள் கையடக்கத் தொலைபேசியில் மட்டுமே இருக்கின்றன. அது தொலைந்தால் மௌத்தானவர்களின் குரல்பதிவும் சேர்ந்தே போய்விடும். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜீபி. 2021 ஜூன் முதல் நாம் ஏற்றும் படங்களும் அதற்குள்ளேயே கணக்கிடப்படுகின்றன. மேலதிக இடத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

இதற்கு மாற்றுவழி, வீட்டிலேயே ஒரு சேர்வர். நான் கணினி படித்தவனல்லன், தமிழ் ஆசிரியன். பாவிக்காமல் கிடந்த மடிக்கணினியில் உபுண்டுவை நிறுவினேன். நெக்ஸ்ட்கிளவுட் என்ற இலவச மென்பொருளை 'ஸ்னாப்' முறையில் ஒரே கட்டளையால் சேர்க்கலாம். ரவுட்டருடன் கேபிளால் இணைத்து, தொலைபேசியில் அதன் செயலியைப் போட்டேன். இப்போது வீட்டு வைஃபையில் படங்கள் தாமாகவே சேர்கின்றன. மின்சாரம் போனாலும் பற்றரி சற்று நேரம் தாங்கும்.

இரண்டு தவறுகளைத் தவிருங்கள். ஒன்று, ரவுட்டரின் போர்ட்டைத் திறந்து சேர்வரை இணையத்தில் நேரடியாக விடுவது. வெளியிலிருந்து பார்க்க டெயில்ஸ்கேல் போன்ற வீபீஎன் பாதுகாப்பானது. மற்றது, ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்புவது. எனது டிஸ்க் ஆறாம் மாதமே பழுதடைந்தது. ராத்தாவின் வீட்டில் வைத்திருந்த பிரதிதான் வாப்பாவின் குரலைக் காப்பாற்றித் தந்தது. வெள்ளம் வரும் ஊர்களில் வேறிடத்துப் பிரதி இன்னும் அவசியம்.

கம்பனி பார்த்துவந்த வேலை இனி நம்முடையது. மாதம் ஒருமுறையாவது மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிரதியிலிருந்து ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பி இருக்க முடியாது.