சிந்தனையிலும் கற்றலிலும் உணர்ச்சியின் பங்கு

முன்னுரை

அறிவும் உணர்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையானவை என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. உணர்ச்சிவசப்படாமல் சிந்திக்குமாறு மாணவர்க்கு நாம் கூறும் அறிவுரை இதன் வெளிப்பாடே. ஆயின், 1990களிலிருந்து நரம்பியலும் உளவியலும் கண்டறிந்தவை இவ்வெண்ணத்தை மறுபார்வை செய்யத் தூண்டுகின்றன. உணர்ச்சி அறிவுக்கு எவ்வாறு துணைநிற்கிறது, எப்போது தடையாகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முடிவெடுத்தலும் உணர்ச்சியும்

நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட தம் நூலில், எலியட் என்னும் புனைபெயரில் ஒரு நோயாளியைப் பற்றி விவரிக்கிறார். மூளையின் முன்பகுதியில் வளர்ந்த கட்டி அகற்றப்பட்ட பின்பும் அவருடைய மொழித்திறன், நினைவாற்றல், நுண்ணறிவு ஆகியன குன்றவில்லை, குன்றியது உணர்ச்சியே. அதன்பின், கோப்புகளை வகைப்படுத்தும் முறை போன்ற சிறு முடிவுக்கும் அவர் நெடுநேரம் தடுமாறினார். இயலும் வழிகளை அவரால் எடுத்துரைக்க முடிந்தது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. தொழிலையும் மணவாழ்வையும் அவர் இழந்தார்.

இதனை ஆராய டமாசியோ குழுவினர் நான்கு சீட்டுக்கட்டுகளைப் பயன்படுத்தினர். இரண்டு கட்டுகள் பெரும்பணம் ஈட்டித் தந்து இறுதியில் இழப்பில் முடிவன. மற்ற இரண்டும் சிறிது சிறிதாக ஈட்டி ஆதாயம் தருவன. இயல்பான மூளையுடையோர் சில இழப்புகளுக்குப் பின், கேடான கட்டை நாடும்போதே அவர்தம் கையில் வியர்வை மாற்றம் பதிவாயிற்று. முன்மூளை பழுதுற்றோரிடம் அம்மாற்றம் தோன்றவில்லை. அவர்கள் கேடான கட்டையே மீண்டும் மீண்டும் நாடினர். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதலைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு எனத் தனி இயலில் ஆராய்வதைத் தமிழாசிரியர் அறிவர். இங்கு நாம் காண்பதோ கருவியால் மட்டுமே அளக்கத்தக்க மெய்ப்பாடு.

இம்முடிவுகள் மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. ஆய்வுக்குட்பட்டோர் கட்டுகளின் தன்மையை முன்பு கருதப்பட்டதைவிட விரைவாகவே அறிந்துகொள்கின்றனர் என 2004இல் மாயா, மெக்லெலண்ட் ஆகியோர் காட்டினர். எனவே, உணர்ச்சி அறிவை முந்துகிறது எனத் துணிந்து கூறுதல் பொருந்தாது. அறிந்ததைச் செயலாக்க உணர்ச்சி துணைபுரிகிறது எனக் கொள்வதே தகும்.

கற்றலும் உணர்ச்சியும்

கஹில், மெக்கா முதலியோர் 1994இல் நிகழ்த்திய ஆய்வில், விபத்துக்குள்ளான சிறுவன் கதை படங்களுடன் கூறப்பட்டது. ஒரு வாரத்திற்குப் பின், கதையின் உருக்கமான பகுதியே கேட்டோர் நினைவில் மிகுதியாக நின்றது. கிளர்ச்சியூட்டும் இயக்குநீர்களின் செயலைத் தடுக்கும் மருந்து உட்கொண்டோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. உணர்ச்சி நினைவை ஆழப்பதிக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது.

அதே உணர்ச்சி தடையாவதும் உண்டு. கணித அச்சம் மிகுந்த மாணவர்க்குக் கணக்கிடும் வேளையில் செயல்நினைவு குறைகிறது என்பதை ஆஷ்கிராஃப்ட், கிர்க் ஆகியோர் 2001இல் நிறுவினர். விடையைத் தேட வேண்டிய மனம் அச்சத்தைச் சுமப்பதில் ஈடுபட்டுவிடுகிறது.

முடிவுரை

லகர, ளகர, ழகர ஒலிப்பில் தவறும் மாணவனை வகுப்பின் முன் நாணச் செய்தால், அவன் மனத்தில் பதிவது ஒலிப்பு விதியன்று, அந்நாணமே எனக் கருத இடமுண்டு. இதனால் தவறுகளைத் திருத்தாது விடுதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. திருத்தும் முறையும் பாடத்தின் ஒரு பகுதியே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.