புளியில் எவ்வளவு நேரம் ஊறலாம்? பித்தளை துலக்குறவங்க கவனத்துக்கு!

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, சொம்பு எல்லாம் கொல்லைப்பக்கம் வந்துடும். ஒரு உருண்டை புளி, கொஞ்சம் உப்பு, தேங்காய் நார். கடையில் பவுடர், லிக்விட்னு எத்தனையோ வந்தாச்சு. ஆனாலும் புளியை யாரும் கைவிடலை. அதுக்குக் காரணம் இருக்கு.

செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான் பித்தளை. காற்றும் ஈரமும் படப்பட அதன் மேலே ஒரு படலம் உருவாகும். முதலில் மங்கும், அப்புறம் கறுக்கும், ஈரம் தங்குற இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் கரைக்கிறது இந்தப் படலத்தைத்தான். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், களிம்பை எடுக்காது. அதனால் முதலில் எண்ணெயைத் துடைத்து, சோப்போ சீயக்காயோ போட்டுக் கழுவிட்டு, பிறகுதான் புளி. இல்லைன்னா புளி பிசுக்கு மேலேயே வழுக்கிட்டுப் போகும். நாச்சியார்கோவில் விளக்கு மாதிரி திருகிக் கழற்றும் விளக்குன்னா, பாகம் பாகமாகக் கழற்றித் தேய்க்கணும். களிம்பு ஒளிஞ்சிருக்கிற இடமே அந்த மரைதான்.

நேரம்? ஐந்து, பத்து நிமிஷம் தாராளம். ராத்திரி முழுக்கப் புளித்தண்ணியில் ஊறப்போட்டால் காலையில் விளக்கு ரோஸ் கலரில் நிற்கும். மேற்பரப்பில் உள்ள துத்தநாகம் கரைஞ்சு செம்பு மட்டும் தங்கிடுறதால் வரும் நிறம் அது. சலித்த விபூதியைத் தொட்டு, உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மஞ்சள் நிறம் ஓரளவு திரும்பும். புதுசா வாங்கின அலங்காரப் பொருட்களில் சிலதுக்கு மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அதுக்குப் புளி வேண்டாம், ஈரத்துணி போதும்.

பித்தளைக்கு நிஜமான எதிரி அம்மோனியா. துப்பாக்கித் தோட்டாவின் உறையும் பித்தளைதான். 70 சதவிகிதம் செம்பு, 30 சதவிகிதம் துத்தநாகம். பிரிட்டிஷ் காலத்து இந்திய ராணுவத்தில், குதிரை லாயங்களில் வெச்சிருந்த தோட்டாக்களின் உறைகள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து செய்த வேலை. 1921-ல்தான் அதுக்குச் சரியான விளக்கம் கிடைச்சது. வெளிநாடுகளில் காலி உறையைத் திரும்ப நிரப்பிச் சுடுறவங்க, இன்னிக்கும் அதைக் கழுவ சிட்ரிக் அமிலக் கரைசல் பயன்படுத்துறாங்க. கிட்டத்தட்ட நம்ம எலுமிச்சை வைத்தியம்! அம்மோனியா கலந்த கிளீனர் பக்கம் போறதில்லை.

நம்ம வீட்டுக்கு இதில் என்ன சேதி? கண்ணாடி துடைக்கிற லிக்விட் சிலதில் அம்மோனியா இருக்கு. லேபிளைப் பார்த்துட்டு, பித்தளைக்கு அதைத் தவிர்த்துடுங்க. பாட்டி காலத்து அண்டா, தவலையை மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டு வெச்சிருந்தால் இறக்கி வீட்டுக்குள்ளே கொண்டுவாங்க. இன்னொண்ணு, பாத்ரூம் ஆசிட் பளிச்னு ஆக்கும்னு யாராவது சொன்னால் கேட்காதீங்க. அது பித்தளையையே அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சையே அடைச்சிடும்.

பூஜைச் சாமானில் தப்பு நடந்தால் நிறம் போகும், அவ்வளவுதான். சமைக்கிற பாத்திரத்தில் உடம்பு கெடும். பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகத் தெரியுதே, அது ஈயப்பூச்சு. அதை ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிடும். பூச்சு போன பாத்திரத்தில் புளிக்குழம்போ ரசமோ வெச்சால், விளக்கில் களிம்பைக் கரைச்ச அதே புளி இங்கே செம்பைக் கரைச்சு குழம்பில் சேர்க்கும். வாந்தி, வயிற்றுவலி வரும். அதனால் உள்பக்கத்துக்கு மெல்லிய துணியும் சோப்பும் மட்டும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பிச்சால் ஈயம் பூசக் கொடுத்துடணும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் காய விடவும் கூடாது. 232 டிகிரி செல்சியஸில் பூச்சு உருகிடும்.

பூசக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பேச்சு வழக்கில் ரெண்டையுமே 'ஈயம்'னு சொல்லிடுறோம். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் விஷம், அதுவும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். விலை குறையுதேன்னு கலப்பு ஈயத்துக்குத் தலையாட்டாதீங்க.

அரியலூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா வேலை உண்டு. சுண்ணாம்புக்கல் பூமி, சிமென்ட் ஆலைகள் இங்கே வந்ததே அதனால்தான். போர் தண்ணி பல இடங்களில் கடினத் தண்ணி, சோப்பு சரியா நுரைக்காது. கழுவின விளக்கைத் தானாகக் காயட்டும்னு விட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணியோ கேன் தண்ணியோ ஒரு சொம்பு போதும். உடனே பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைச்சு, கால் மணி நேரம் வெயிலில் வெச்சு எடுங்க.