கிணறும் பள்ளியும் நீதியும்: இலங்கையின் சமூகநலக் கொள்கையை வடமராட்சியில் நின்று நோக்குதல்

வளர்முக நாடுகளின் கல்வி, பொதுச்சுகாதாரம் ஆகியன பற்றிய ஆய்வுகளிலே இலங்கைக்குத் தனியிடம் உண்டு. தலா வருமானம் குறைந்த நாடொன்று, எழுத்தறிவிலும் ஆயுள் எதிர்பார்ப்பிலும் தன்னினும் செல்வம் மிக்க நாடுகளை விஞ்சி நிற்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அமர்த்தியா சென் முதலானோர் கேரளத்தோடு இலங்கையையும் சுட்டியுள்ளனர். 1946இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அவ்வெண் பத்துக்கும் குறைவாகும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபடுத்தியது. இச்சாதனைகளை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், சராசரி என்னும் கணக்கு மூன்று வினாக்களை மறைத்துவிடும் இயல்பினது. இவை யாருக்குக் கிடைத்தன? யாருடைய உழைப்பினாற் கிடைத்தன? எத்தகைய போராட்டங்களின் பின் கிடைத்தன? பருத்தித்துறையை மையமாகக் கொண்ட வடமராட்சிப் பிரதேசத்தின் அனுபவத்தினூடாக இவ்வினாக்களை அணுகுவது பயனுடையது எனக் கருதுகிறேன்.

1

இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் பெருந்தலைவர் சிலரின் கருணையால் விளைந்தவை என்ற கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வரலாறு வேறுவிதமாகவே பேசுகிறது. 1931இல் டொனமூர் அரசியல் யாப்பின்கீழ்ச் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. சொத்தும் ஆங்கிலக் கல்வியும் உடையோரின் தனியுரிமையாக இருந்த அரசியல், அன்று முதல் கிராமத்து ஏழையின் வாசலுக்கும் செல்லவேண்டியதாயிற்று. 1934–35இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. வறட்சியினாலும் பொருளாதார மந்தத்தினாலும் உணவின்றி மெலிந்திருந்த உடல்களே நுளம்பிற்கு எளிதில் இரையாயின. நோய் இயற்கையின் விளைவு. மரணமோ வறுமையின் விளைவு. நிவாரணப் பணியில் இறங்கிய எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய இளைஞர்கள் இவ்வுண்மையைக் கிராமங்களிலே நேரிற் கண்டனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதை இவ்வனுபவத்திலிருந்து பிரித்து நோக்க முடியாது.

வாக்குரிமை, கொள்ளைநோய், இடதுசாரி இயக்கம் ஆகிய மூன்றினதும் அழுத்தத்திலேதான் கிராமிய வைத்தியசாலைகள் பெருகின. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் சமர்ப்பித்த அறிக்கையின் வழி, 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரையிலான இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1953இல் மானிய அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதிய ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனாநாயக்கவையே பதவி விலக வைத்தது. பெறுவதற்கு மட்டுமன்றி, பெற்றதைக் காப்பதற்கும் போராட்டம் தேவைப்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2

வடமராட்சி கல்வியிற் சிறந்த பிரதேசம் எனப் புகழப்படுவது. மெதடிஸ்த மிஷனரிமாரால் 1838இல் பருத்தித்துறையில் தொடங்கப்பெற்றுப் பின்னாளில் ஹாட்லிக் கல்லூரி எனப் பெயர்பெற்ற பாடசாலை அப்புகழின் தலைவாயில். மண்வளமும் நீர்வளமும் குன்றிய குடாநாட்டிலே ஆங்கிலக் கல்வியே நடுத்தர வர்க்கத்தின் பெருஞ்சொத்தாயிற்று. கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞர் வேலை பெற்றோர் அனுப்பிய பணத்திலே கல்வீடுகள் எழுந்தன. ஆனால், அதே வடமராட்சியிலே தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் படி நீண்டகாலம் எட்டாத உயரத்திலேயே இருந்தது. அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் அவர்கள் நிலத்தில் அல்லது புறம்பான இருக்கையில் அமர்த்தப்பட்டனர். 1920களின் இறுதியில் அரச உதவிபெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கவேண்டும் என அரசு பணித்தபோது, குடாநாட்டில் எதிர்ப்புக் கிளம்பிற்று. பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. கல்வியைக் கண்ணெனப் போற்றிய சமூகமே பள்ளிக்குத் தீ வைத்தது என்ற முரண் தற்செயலானதன்று. கல்வி அறிவாக மட்டுமன்றி அதிகாரமாகவும் இருந்தமையினாலேயே அது பங்கிடப்படக்கூடாத பொருளாயிற்று.

இந்நிலைக்கு எதிரான முயற்சி தாழ்த்தப்பட்ட மக்களிடையிருந்தே எழுந்தது. 1914இல் சூரன் அவர்கள் வடமராட்சியில் நிறுவிய தேவரையாளிச் சைவ வித்தியாசாலை, இலவசக் கல்விக்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்னரே கல்வி உரிமையை நடைமுறையில் நிலைநாட்டியது. 1945ஆம் ஆண்டின் சீர்திருத்தம் கட்டணத் தடையை நீக்கியது. சாதித் தடையை நீக்கும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. அதற்குச் சமூக இயக்கம் வேண்டியிருந்தது.

3

பொதுச்சுகாதாரத்தின் நிலையும் இதுவேயாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி எதுவுமில்லை. சுண்ணாம்புக் கற்படையினுள்ளே, உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கும் மழைநீரே குடிநீர். கிணறே அதைப் பெறும் வழி. எனவே கிணற்றின் மீதான உரிமை வாழ்வின் மீதான உரிமையாகும். நிலமற்ற பஞ்சமர், நில உடைமையாளரின் காணியிற் குடியிருந்தனர்; சொந்தமாகக் கிணறு வெட்ட அவர்களுக்கு நிலமில்லை. பிறர் கிணற்றிலே துலா மிதிக்கவோ வாளி தொடவோ அனுமதியில்லை. யாரேனும் இரங்கி நீரள்ளி ஊற்றும் வரை குடத்துடன் காத்திருக்க வேண்டியிருந்தது. கைகழுவுதல், குளித்தல், கொதித்தாறிய நீர் பருகுதல் என்று சுகாதாரப் பாடப்புத்தகம் கூறும் விதிகள் அனைத்தும் தாராளமாக நீர் கிடைக்கும் என்ற எடுகோளின் மீது எழுந்தவை. அவ்வெடுகோள் பொய்க்குமிடத்து, 'அசுத்தமானவர்கள்' என்ற பழியைச் சுமத்தியவர்களே அசுத்தத்தின் காரணகர்த்தாக்களாகவும் இருந்தனர்.

புள்ளிவிபரம் பதியாத இவ்வுண்மையை இலக்கியம் பதிந்தது. டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயர்பெற்றமை வெறும் எதுகைக் கவர்ச்சியினாலன்று. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலும், வடமராட்சியைச் சேர்ந்த தெணியானின் படைப்புகளும் இவ்வகையில் சமூகவியல் ஆவணங்களுமாகும். ஜீவாவும் டானியலும் பல்கலைக்கழகம் உருவாக்கியவர்கள் அல்லர். உழைப்புக் களமும் அரசியல் இயக்கமுமே அவர்களுக்குப் பள்ளியாயின. பள்ளியிலிருந்து விலக்கப்பட்டோரே பள்ளியின் குறையை எழுத்தில் வைத்தனர்.

4

நீதியைச் சட்டத்தோடு மயக்குதல் படித்த வர்க்கத்தின் பொதுவான தவறு. 1956ஆம் ஆண்டுத் தேர்தலிலே பருத்தித்துறைத் தொகுதி மக்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். தமிழ்மொழி உரிமைக்காகவும் உழைக்கும் மக்களுக்காகவும் ஒரே குரலிற் பேச முடியும் என்பதற்கு அவரது அரசியல் சான்றாகும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும், தேநீர்க் கடையின் வாங்கு சட்டப் புத்தகத்தைக் கண்டு அசைந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதிய ஊர்வலமும், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தோற்றமும், சங்கானை முதலிய இடங்களின் தேநீர்க்கடைப் பிரவேசமும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்த பின்னரே சட்டத்தின் எழுத்துக்கு உயிர் வந்தது. 1971இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டமையும் இப்போராட்டங்களின் பின்னணியிலேயே நோக்கப்பட வேண்டும்.

5

இவ்விடத்திலே வடபுலத்தார் தம்மை நோக்கிக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இலவசக் கல்விக்கும் வைத்தியத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? தேயிலையும் இறப்பரும் ஈட்டிய அந்நியச் செலாவணியும், அவற்றின் மீதான வரியும் அதிற் பெரும்பங்கு வகித்தன. அச்செல்வத்தைத் தந்த மலையகத் தமிழ்த் தொழிலாளருள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கினால் வென்ற நலன்கள் வாக்கிழந்தோரை வந்தடையவில்லை. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை 1970களின் பிற்பகுதிக்குப் பின்னரே அரச கல்வி முறையினுள் முழுமையாக உள்வாங்கப்பட்டன. தேசிய சராசரி உயர்ந்துகொண்டிருந்த காலத்திலே, அதற்கு உழைத்தவர்களின் குழந்தைகள் லயன் அறைகளிலே அச்சராசரிக்கு வெகுகீழே வாழ்ந்தும் இறந்தும் போயினர். மலையகத்தின் உழைப்பிற் பயின்ற நாம் அக்கடனை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

6

இன்னொரு முரண்பாடும் உண்டு. கல்வி விரிந்த வேகத்தில் உற்பத்தி விரியவில்லை. ஏற்றுமதிப் பயிரையே நம்பிய சார்புப் பொருளாதாரம், தான் பயிற்றிய இளைஞர்க்கு வேலை வழங்க இயலாது திணறியது. 1971 ஏப்ரலில் தெற்கிலே சிங்கள இளைஞரின் கிளர்ச்சி வெடித்தது. அதே காலப்பகுதியிலே பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், வடக்கின் தமிழ் இளைஞரை அரசிலிருந்து அந்நியப்படுத்தியது. பின்னர் வந்த மாவட்டப் பங்கீடு பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்கும் ஓரளவு வாய்ப்பளித்தது என்பது உண்மையே. ஆயினும், மொழிவாரியான புள்ளி வேறுபாட்டின் அநீதியை அது நியாயப்படுத்தாது. பற்றாக்குறையை ஒழிக்க இயலாத அரசு அதனை இனவாரியாகப் பங்கிட முற்பட்டது. பொருளாதார நெருக்கடி இன ஒடுக்குமுறையோடு பின்னிப் பிணைந்ததன் விளைவை வடமராட்சி நன்கறியும். 1987 மே மாத இராணுவ நடவடிக்கையும் அதன் பின்னைய நீண்ட போர்க்காலமும் பள்ளியை அகதிமுகாமாக்கின. மருந்தை அனுமதிக்குரிய பொருளாக்கின. நலன்புரி அரசு என்று உலகம் போற்றிய அதே அரசே இதைச் செய்தது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்றும் தெருவோரத்தில் அமர்ந்து கேட்பது மானியத்தையன்று, நீதியை.

2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது; இருந்தவர் வெளியே வாங்கினர், இல்லாதவர் நோயோடு திரும்பினர். தனியார் வகுப்பின்றிப் பரீட்சையில் தேற முடியாது என்ற நம்பிக்கை இலவசக் கல்வியின் உள்ளீட்டை அரித்துவருகிறது. குடாநாட்டின் கிணறுகளிலோ விவசாய உரத்தினாலும் மலக்குழிகளினாலும் நைத்திரேற்று மாசு கூடியுள்ளது. சாதி பார்த்து மூடப்பட்ட கிணறு இன்று யாவர்க்கும் பொதுவான ஆபத்தாகியுள்ளது. நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது என்பதை இயற்கை நமக்குக் காலந்தாழ்த்திக் கற்பிக்கிறது.

முடிவாக நோக்குமிடத்து, கல்வி, சுகாதாரம், நீதி ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக எய்தப்படும் மூன்று படிகள் அல்ல; ஒரே சமூக உறவின் மூன்று முகங்கள். முதலில் படிக்கட்டும், பின்னர் நீதி தானாகவே வரும் என்ற வாதத்தைப் பள்ளி எரித்த படித்த சமூகத்தின் வரலாறு பொய்ப்பித்துள்ளது. முதலிற் சட்டம் வரட்டும் என்ற வாதத்தை 1957க்குப் பிந்திய தேநீர்க் கடைகள் பொய்ப்பித்துள்ளன. உரிமை மறுக்கப்பட்டோர் அணிதிரண்ட இடங்களிலேயே பள்ளி பள்ளியாகவும் கிணறு கிணறாகவும் ஆயின. இலங்கையின் சாதனையைப் போற்றுவோர் அதன் எண்களோடு இவ்வரலாற்றையும் சேர்த்தே கற்றல் வேண்டும். இல்லையேல், போராடிப் பெற்றதைக் கொடையென நம்பி, அது திரும்பப் பெறப்படும் நாளிலும் வாளாவிருப்போம்.