“நாயும் வரலாம்” என்று எழுதும் முன்

அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபரில் அடங்கும். அந்த ஆறு மாதமும் அங்குள்ள உல்லை வீதி நாய்களுக்குப் பெருநாள்தான். கபானாக் குடில்களின் பின்பக்கம் வீசிய மீன் தலையும் வெள்ளைக்காரர் தட்டில் மிஞ்சிய பரோட்டாவும் தாராளமாகக் கிடைக்கும். மழை இறங்கிக் கதவுகள் பூட்டப்பட்டதும் அதே நாய்கள் எலும்பும் தோலுமாகப் பொத்துவில் சந்தைப் பக்கம் வந்து நிற்கும்.

என் மச்சான் ஒருவர் அங்கே நாலு அறை வைத்து வாடகைக்கு விடுகிறார். அறை பதியும் தளத்தில் “வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி” என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டுவிட்டார். “போட்டா கூட ஆள் வரும் என்டாங்க, போட்டுட்டன் மச்சான்” என்றார். அடுத்த கிழமையே கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் கன்றுக்குட்டி அளவு லாப்ரடோர் ஒன்றோடு வந்து இறங்கியது. மச்சானின் உம்மா கேட்டடியில் நின்று, “இது எங்க படுக்கப் போவுது வாப்பா?” என்று கேட்டா. அவரிடம் பதில் இல்லை. அறை இல்லை என்றார். வந்தவர்கள் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அரை மணி நேரம் நடுவீதியில் சத்தம்.

மச்சான் கோபித்தாலும் பரவாயில்லை, பிழை அவருடையதுதான். தன் வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று சொல்ல எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு. ஆனால் உண்டு என்று விளம்பரம் செய்து, காசும் வாங்கிய பிறகு வாசலில் வைத்து மறுப்பது வேறு சங்கதி. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977. சுற்றுலா தொடர்பான முறைப்பாடென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் 1912. நாயை மறைத்து இரவில் அறைக்குள் கொண்டுபோகும் விருந்தாளிக்கும் இந்த நியாயம் பொருந்தும். நிபந்தனையை மீறியவர் அவர். பதியும்போதே அதை எழுத்தில் கொடுத்திருந்தால் மெத்தை கழுவும் செலவை அவரிடம் கேட்கலாம்.

எழுத்தில் என்ன கொடுப்பது? நம்மூரில் மார்க்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பேச முடியாது. ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். பீங்கானுக்கு இது சரி, பஞ்சு மெத்தைக்கு என்ன செய்வது? ஆகவே நாயோடு வருபவருக்கென்று சீமெந்துத் தரை போட்ட தனி அறை, தனிப் பாத்திரம், வீட்டார் தொழும் பக்கம் நாய் வரக்கூடாது என்று ஒரு வரி. முன்கூட்டியே சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நாய்ப் பிரியர்களின் நாடான பிரித்தானியாவிலேயே, வேல்ஸ் கடற்கரைக் குடில்களில் நாய்க்குத் தனிக் கட்டணம், சோபாவில் ஏறக்கூடாது என்றெல்லாம் விதி வைக்கிறார்கள். அங்கே பல கடற்கரைகளில் மே 1 முதல் செப்டெம்பர் 30 வரை நாய் கால் வைக்கவே முடியாது.

அதே மார்க்கம்தான் தாகித்த நாய்க்குச் சப்பாத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட கதையையும் சொல்கிறது. குரைக்குது என்று சோற்றில் நஞ்சு கலந்து வைப்பவர்கள் அதை நினைக்கட்டும். 1907இலிருந்தே மிருகவதைத் தடைச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. குரைப்பும் தொல்லையும் தாங்கவில்லை என்றால் போக வேண்டிய இடம் பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அல்லது பொலிஸ்.

இனி விசர்நாய்க்கடி. பிரித்தானியாவில் வளர்ந்தவருக்குத் தெருநாய் என்றால் விசர் என்ற எண்ணமே வராது. அங்குள்ள நாய்களில் அந்த நோய் இல்லை. கடற்கரையில் குட்டியைத் தூக்கி முகத்தோடு வைத்துப் படம் எடுப்பார். 2025இல் ஒரு பிரித்தானியப் பெண், மொராக்கோ விடுமுறையில் நாய்க்குட்டி ஒன்று போட்ட சிறு கீறலைப் பொருட்படுத்தாமல் விட்டு, மாதங்கள் கழித்து ஊரில் இறந்துபோனார். நம் நாட்டில் 1973இல் மட்டும் 377 பேர் இந்த நோயில் இறந்தார்கள். தடுப்பூசியால் அந்தக் கணக்கு வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் சைபர் ஆகவில்லை.

வைரஸ் எச்சிலில் இருக்கிறது. கடிதான் வேண்டும் என்றில்லை. நகக் கீறல் போதும், சைக்கிளில் விழுந்து உரசிய முழங்காலை நாய் நக்கினாலும் போதும். பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதே இல்லை, ஏச்சுக்குப் பயம். அறிகுறி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்தில் வரும். வந்தபின் மருந்து இல்லை.

அதனால் முதல் வேலை குழாயடி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவ வேண்டும். இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும், நிறுத்தக் கூடாது. மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். ஓதிப் பார்ப்பதென்றால் கழுவி முடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் இருந்தே ஓதுங்கள். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று கரை நெடுக ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் நமக்கு விசர்த் தடுப்பூசி இலவசம். காயத்தின் ஆழத்தைப் பார்த்துத் தடுப்பூசி மட்டும் போதுமா, இம்யூனோகுளோபியுலினும் வேண்டுமா என்று வைத்தியர் சொல்வார். குறித்துத் தந்த திகதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. இடையில் விமானம் ஏறும் வெளிநாட்டுக்காரர் ஊசி அட்டையைக் கையோடு கொண்டுபோய் மீதியை ஊரில் போட வேண்டும்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்தோ அடையாளம் வைத்தோ 14 நாள் பார்க்க வேண்டும். அதற்குள் செத்தால் வெறுங்கையால் தொடாமல், புதைக்காமல், சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவிக்க வேண்டும். தலையைப் பரிசோதிக்கக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுகூடம் இருக்கிறது.

கடித்தது வளர்ப்பு நாய் என்றால் செலவு யார் தலையில்? இலங்கையில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தில், சொந்தக்காரரின் கவனக்குறைவால் கடி விழுந்தது என்றால் அவரிடம் இழப்பீடு கேட்கலாம். கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தால், அல்லது அனுமதியில்லாமல் வளவுக்குள் புகுந்திருந்தால் கதை மாறும். வழக்குக்கு முன் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். வைத்தியசாலைத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், நாயின் படம் மூன்றும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். நாய்க்காரரின் கவசம் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி சபையில் செய்த பதிவும், ஆண்டுதோறும் போட்ட விசர்த் தடுப்பூசியின் அட்டையும். அந்த அட்டையைப் பார்க்காமல் எந்த நாயையும் அறைக்குள் விடாதீர்கள். (குமணக்கும் நாயைக் கூட்டிப் போகலாம் என்று விருந்தாளியிடம் சொல்லி வைக்காதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் அதை விடமாட்டார்கள்.)

இன்னொரு வகை நாய் உண்டு, விருந்தாளி இங்கே வந்து பிடிப்பது. தெருக்குட்டிக்குச் சிவப்புப் பட்டி கட்டி, பெயர் வைத்து, ஊருக்குக் கொண்டுபோவேன் என்பார். ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவதென்றால் குட்டிக்கு 12 வாரமானபின் விசர்த் தடுப்பூசி, அதிலிருந்து 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு. ஜூனில் எடுத்த கைக்குட்டி கிளம்பத் தயாராகும்போது டிசம்பர் வந்துவிடும். அவர் விசாவோ எப்போதோ முடிந்திருக்கும். குட்டி மிஞ்சுவது சோறு வைத்துப் பழக்கிய கபானாக்காரரின் வாசலில்தான்.

மச்சான் அந்தச் சரியை எடுத்துவிடவில்லை. கேட்டுக்குப் பக்கத்து அறையில் மெத்தையை எடுத்துவிட்டுப் பலகைக் கட்டில் போட்டார், வெளியே தனிக் குழாய் வைத்தார். பதிபவர்களுக்கு அனுப்பும் செய்தியில் முதல் வரி ஊசி அட்டையின் படம் அனுப்பச் சொல்லிக் கேட்கிறது. அனுப்பாதவர்களுக்கு அறை இல்லை. சிவப்புப் பட்டி கட்டிய பெட்டைக்குட்டி ஒன்று போன ஒக்டோபரிலிருந்து அந்தக் குழாயடியில்தான் படுக்கிறது. ஊசி போட ஆள் வருகிற நாளை அவருக்கு ஞாபகப்படுத்துவது உம்மாதான்.